ஹெர்குலிஸுக்குப் பன்மை

— ஹெர்குலிஸுங்கிறது ஒண்ணா, ரெண்டா? அத மட்டும் சொல்லுங்க டீச்சரம்மா. ரெண்டு மணிக்கெல்லாம் கேஸக் கூப்பிட்டுருவாங்க.

— வக்கீல் சார், கிருஷ்ணகிரியில இருந்து பத்தரை மணி பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்துருக்கேன். சூளகிரி மேட்டுல வண்டி கொதிச்சுப்போயி அரைமணி நேரம் நின்னுட்டு. ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிடுதேன், பொறவு சொல்லுதேன்.

— ஏம்மா காவேரி! மரத்தடியில சும்மாதான உக்காந்திருக்க? டீச்சரம்மாவுக்குத் தண்ணி கொண்டா.

— இந்தாங்கம்மா. தண்ணி இல்லீங்க, மோரு. நம்ம வூட்டு எருமைதான்.

— நல்லாருக்கு தாயி. நீதான் திம்மராயன் சம்சாரமா?

— ஆமாங்கம்மா. அவர சப்ஜெயில்ல வெச்சு இன்னியோட முப்பத்தோரு நாளு ஆவுது.

— சரி சரி, நீ போயி மரத்தடியில உக்காரு காவேரி. இது இங்கிலீஷ் சமாச்சாரம். உனக்கு ஒண்ணும் வெளங்காது.

— இருக்கட்டுமே வக்கீல் சார். அவ புருசன் கேஸுதான? இங்கனயே உக்காரட்டும். நீங்க மொதல்ல இருந்து சொல்லுங்க. லெட்டர்ல நாலு வரிதான் எழுதியிருந்திய. என்னைய கூண்டுல ஏத்தணும்னா முழுசும் தெரியணும்லா?

— சொல்றேன். கெலமங்கலம் ரோட்டுல ஒரு துரைசானி பங்களா இருந்துச்சு. துரை செத்துப்போயி ஏழெட்டு வருஷமாச்சு. துரைசானி மட்டும் ரோஜாவும் முட்டைக்கோசும் வெச்சுக்கிட்டு ஒண்டியா இருந்தாங்க. இந்தத் திம்மராயன் அங்க தோட்டக்காரன். போன வருஷம், அம்பத்திரெண்டுல, பங்களாவ வித்துட்டு அம்மா சீமைக்கே போயிட்டாங்க. போறப்ப ஒரு சீட்டு எழுதி இவன் கையில குடுத்துட்டுப் போனாங்க.

— இன்னது இன்னாருக்குன்னா?

— அதேதான். வாங்கினவரு பெங்களூருக்காரரு. இங்க வர்றதேயில்ல. ஆறு மாசம் கழிச்சு சம்பங்கின்னு ஒரு மேனேஜர அனுப்பினாரு. அந்தாளு சாமான் லிஸ்ட்ட எடுத்துப் பாத்தா, ஷெட்டுல ரெண்டு சைக்கிளுன்னு இருக்குது. ரெண்டும் ஹெர்குலிஸ். நேர்ல பாத்தா ஒண்ணுகூட இல்ல. ஒண்ணத் திம்மராயன் ஊருக்கே தெரிய ஓட்டிக்கிட்டுப் போறான். கேட்டா சீட்டக் காட்டறான். சரி, ஒண்ணு உனக்குக் குடுத்தது, இன்னொண்ணு எங்கடான்னா வாயத் தொறக்கல.

— பொறவு?

— ஒரு நாள் வெள்ளென, பனி பேஞ்சிட்டு இருக்குது. மத்திகிரி ரோட்டுல அந்த ரெண்டாவது சைக்கிளு போவுது. பின்னால கேரியர்ல பால் கேனு. தலையில முண்டாசு, மேல கம்பளிக் கோட்டு. சம்பங்கி கூப்பாடு போட்டுத் தொரத்தினானாம். ஆளு சைக்கிளப் போட்டுட்டு ராகிக் கொல்லையில பூந்து ஓடிட்டுது. கோட்டு திம்மராயன் கோட்டுன்னு சம்பங்கி ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டான். மத்தியானம் போலீஸ் தேடிப்போறதுக்கு முந்தி திம்மராயனே வந்து நின்னான். நான்தாங்க ஓட்டிட்டுப் போனேன், ரெண்டும் துரைசானி குடுத்ததுங்கன்னான்.

— ரெண்டும் குடுத்ததுன்னா எதுக்கு ஓடினானாம்?

— பயந்துட்டேன்றான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேச மாட்டேன்றான். என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு கட்சிக்காரன நான் பாத்ததில்ல டீச்சரம்மா. சொவத்தோட பேசலாம். கெடக்கட்டும். இப்ப கேஸே ஒரே ஒரு வார்த்தையில வந்து நிக்குது. இந்தாங்க, சீட்டுக்கு நான் என் கையாலயே எடுத்த நகல்.

— கொண்டாங்க. ‘த சிங்கர்ஸ் டு த கான்வென்ட். த ஹெர்குலிஸ் டு திம்மராயன்.’ இம்புட்டுத்தானா?

— கேஸுக்கு வேண்டியது அவ்வளவுதான். சர்க்கார் வக்கீலு என்ன சொல்றாரு தெரியுமா? தையல் மிஷினு ரெண்டு. அதனால சிங்கருக்கு ஒரு எஸ் சேத்து சிங்கர்ஸுன்னு போட்டாங்க. சைக்கிளும் ரெண்டா இருந்தா ஹெர்குலிஸஸுன்னு போட்டிருப்பாங்க. போடல. ஆகவே ஒண்ணு. உக்காந்துட்டாரு. மாஜிஸ்ட்ரேட் ஐயாவும் தலைய ஆட்டறாரு.

— அது தப்பு.

— தப்புங்களா! அப்பிடிப் போடுங்க!

— அவசரப்படாதிய. வக்கீல் சார், ஒங்க வீட்ல ரேடியோ இருக்கா?

— இருக்குதுங்க. மர்பி.

— ரெண்டு வாங்கினா இங்கிலீஷ்ல எப்பிடி எழுதுவிய?

— லேடி, லேடீஸ். பேபி, பேபீஸ். அதே ரூலு. வொய்ய எடுத்துட்டு ஐ ஈ எஸ்.

— அங்கதான் வழுக்குது. லேடி சாதாரண வார்த்தை. மர்பி பேரு. பேருக்குன்னு ஒரு மொகம் இருக்கு, கேட்டியளா? அதைச் செதைக்கப்பிடாது. வொய் அப்பிடியே நிக்கணும், பக்கத்துல ஒரு எஸ்ஸு. மர்பிஸ். ஆஸ்டின் காரு ரெண்டுன்னா ஆஸ்டின்ஸ். ராலே சைக்கிளு ரெண்டுன்னா ராலேஸ். எஸ்ஸுக்கு முன்னால மேல ஒரு கொம்பும் வேண்டாம்.

— கொம்புங்களா?

— அப்பாஸ்ட்ரஃபி. பெங்களூருல பாதி போர்டுல அந்தக் கொம்பு மொளச்சிருக்கு. நேத்து வரைக்கும் எங்க கிருஷ்ணகிரியிலயும் ஒரு தையல் மிஷின் கடையில இருந்துது. நான் உள்ள போயி, ஐயா, இது சிங்கருக்குச் சொந்தமான எதையோ விக்கிற மாதிரில்லா இருக்குன்னு சொல்லி, பெயிண்டரக் கூப்பிட வெச்சு அழிச்சிட்டுத்தான் வந்தேன்.

— அதுக்குத்தாங்க உங்களக் கூப்பிட்டது. எம் மவ சொல்லும், எங்க ஜெபமணி டீச்சருக்கு மாத்திரம் கலெக்டரு இங்கிலீஷே பத்தாதுன்னு. கெடக்கட்டும். ஹெர்குலிஸுக்கு வாங்க.

— ஹெர்குலிஸு ஒத்தையிலயே எஸ்ஸுல முடியுது. எங்க ஸ்கூல் பியூன் ஒருத்தர், புதுசா வாங்கின சைக்கிளக் காட்டி, ‘என் ஹெர்குலி எப்பிடி இருக்கு டீச்சர்?’னாரு. ஒண்ணுதான இருக்கு, எஸ்ஸு எதுக்குன்னு நெனச்சிட்டாரு பாவம்.

— ஹெர்குலி! நல்லாருக்குதுங்க.

— ரெண்டுக்கு ஈ எஸ் சேத்து ஹெர்குலிஸஸுன்னு எழுதலாம். ரூல் எடம் குடுக்கு. ஆனா சொல்லிப் பாருங்க, நாக்கு பல்லுல மாட்டிக்கிடும். அதனால பேரு எஸ்ஸுல முடிஞ்சா அப்பிடியே விட்டுட்டுப் போறவங்களும் உண்டு, வெள்ளைக்காரங்களே. ஒண்ணும் ஹெர்குலிஸுதான், ஒம்போதும் ஹெர்குலிஸுதான்.

— போதும்! இது போதும் டீச்சரம்மா! ரெண்டு மணிக்கு இதக் கூண்டுல ஏறி அப்பிடியே சொல்லிருங்க. ஹெர்குலிஸுன்னா ரெண்டுன்னு.

— அப்பிடிச் சொல்ல மாட்டேன்.

— ஏங்க?

— ரெண்டாவும் இருக்கலாம்னுதான் சொல்லுவேன். ரெண்டுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். வேதத்துல கை வெச்சுட்டு எனக்குத் தெரியாததைத் தெரியும்னு சொல்லுவனா?

— அய்யய்யோ. ‘இருக்கலாம்’னா சர்க்கார் வக்கீலு அங்கேயே மென்னு துப்பிருவாரு. துரைசானிக்கே லெட்டர் போட்டுக் கேட்டேன். கப்பல்ல போயி கப்பல்ல வரணும். பதிலக் காணம். உங்களத்தான் மலையாட்டம் நம்பி இருக்கறேன்.

— அம்மா, நான் ஒண்ணு கேக்கலாங்களா?

— நீ சும்மா இரு காவேரி.

— கேளு தாயி.

— அந்த அம்மா எழுதின சீட்டு இதவுட பெருசுங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா அரிசிப் பானைக்குள்ள டப்பியில போட்டு நாந்தான பத்திரமா வெச்சிருந்தேன். மூணு மொழம் எழுத்து இருந்துச்சு. வக்கீலு சாமி எடுத்தது ரெண்டு விரக்கட தான் இருக்குது.

— வக்கீல் சார், இது முழு நகல் இல்லியா?

— கேஸுக்கு வேண்டியத எடுத்தேங்க. மிச்சம் நாய்க்கு யாரு சோறு போடறது, பூட்டுக்கு எண்ணெ விடறது, இப்பிடி. நடுவுல கையெழுத்துல ஒண்ணு ரெண்டு பிழை. அத நானே சரி பண்ணிட்டேன்.

— என்னது? நீங்க சரி பண்ணுனியளா? வெள்ளைக்காரி இங்கிலீஷ?

— நானும் பி.ஏ., பி.எல். தாங்க.

— எந்திரிங்க. ஒரிஜினல் எங்க இருக்கு?

— எக்ஸிபிட் போட்டு உள்ள ஃபைல்ல இருக்குது. பெஞ்சு கிளார்க் தெரிஞ்சவருதான். கேட்டா ஜன்னல்கிட்ட வெச்சுக் காட்டுவாரு. ஆனா நேரமில்லீங்களே, மணி ஒண்ணரை.

— அப்பம் வேகமா நடங்க. காவேரி, நீயும் வா.

— நான் உள்ளாற வரலாங்களா?

— ஜன்னலுக்கு வெளிய நிக்கதுக்கு எவன்கிட்டக் கேக்கணும்? வா.

— கிளார்க்கண்ணா, வணக்கம். ஒரு அஞ்சு நிமிஷம். திம்மராயன் கேஸு சீட்டு. தொட மாட்டோம், கண்ணால பாத்தாப் போதும்... இந்தாங்க டீச்சரம்மா. இதுதான்.

— அடேயப்பா. எழுத்துன்னா எழுத்து. கட்டி வெச்ச பூ மாதிரி இருக்கு. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. இந்த அம்மாவுக்குப் பிழை வருமா? நானாயிருந்தா இதுக்கு நூத்துக்கு நூறு போட்டிருப்பேன்.

— ரெண்டாவது பாரா பாருங்க.

— பாக்குதேன். ‘த சிங்கர்ஸ் டு த கான்வென்ட்.’ சரி. அடுத்தது ஹெர்குலிஸ் வரி. அதுக்குப் பின்னால... வக்கீல் சார், அதுக்குப் பின்னால இது என்ன?

— அது டயர் விஷயங்க. ‘தே வான்ட் நியூ டயர்ஸ் பிஃபோர் த ரெய்ன்ஸ்.’ மழைக்கு முன்னாடி டயர் மாத்தணுமாம். கேஸுக்கும் அதுக்கும் என்னன்னு விட்டுட்டேன்.

— ‘தே.’

— ஆமாங்க, தே.

— வக்கீல் சார், ‘இட்’டா ‘தே’யா?

— தே... அட! அட தேவுடா! தே!

— ஒத்தச் சைக்கிளா இருந்தா ‘இட் வான்ட்ஸ்’னு எழுதியிருப்பாவ. ‘தே வான்ட்’. அதுகளுக்கு டயர் வேணும். பேருல பன்மை ஒளிஞ்சிக்கிடலாம். பக்கத்து வாக்கியத்துல ஒளிய முடியாது. இப்பம் வேதத்துல கை வெச்சு ரெண்டுன்னு சொல்லுவேன்.

— இருங்க, இருங்க. சர்க்கார் வக்கீலு மாதிரி கேக்கறேன். அந்த ‘தே’ சிங்கரையும் சேத்துச் சொன்னதா இருந்தா?

— தையல் மிஷினுக்கு எந்த ஊருல டயர் மாட்டுதாவ?

— ஹா! இத இப்பிடியே சொல்லுங்க, இந்த மொகத்தோடயே சொல்லுங்க! ஏம்மா காவேரி, உன் புருசன் தப்பிச்சான். அழுவாத.

— நான் அழுவலீங்க சாமி. வெயிலு.

— ஆனா ஒண்ணு கெடக்குது டீச்சரம்மா. ரெண்டுன்னு நிரூபிச்சாலும் ஐயா ஒரு கேள்வி கேப்பாரு. போன வாய்தாவுலயே கேட்டாரு. ஒரு ஆளுக்கு ரெண்டு சைக்கிளு எதுக்கு? ஒண்ணு மேல உக்காந்துக்கிட்டு இன்னொண்ணத் தலையில வெச்சுக்கிட்டா போவான்? எதுக்குத் துரைசானி ஒரு தோட்டக்காரனுக்கு ரெண்டு குடுப்பாங்க? திம்மராயன் அதுக்கும் வாயத் தொறக்கல. சொந்தச் சைக்கிளு ஓட்டறவன் ஏன் கொல்லைக்குள்ள ஓடினான்? அங்கதான் ஐயாவுக்குச் சந்தேகம் விழுந்துபோச்சு.

— நீங்க வேற எதைத் திருத்துனிய?

— என்னங்க?

— ஒண்ணு ரெண்டு பிழை சரி பண்ணுனேன்னியளே. எதை?

— அது சின்ன விஷயம். ஆளு பேருக்கு முன்னால ‘த’ வராதுன்னு நாலாம் கிளாஸ் பசங்களுக்கே தெரியும். துரைசானி அவசரத்துல ‘த திம்மராயன்ஸ்’னு எழுதிட்டாங்க. அந்த ‘த’வ எடுத்துட்டேன். கடைசியில ஒரு எஸ்ஸு தொங்கிட்டு இருந்துச்சு. திம்மராயனோடதுன்னு எழுத நெனச்சு, நீங்க சொன்ன அந்தக் கொம்பு விட்டுப்போச்சுன்னு எஸ்ஸையும் எடுத்துட்டேன்.

— கிளார்க் ஐயா, பேப்பர இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு... ஆங். போதும். வக்கீல் சார், நீங்க கம்பெனி பேருக்குள்ள ரெண்டைத் தேடிக்கிட்டே, ஆளு பேருல இருந்த ரெண்டை அழிச்சிட்டிய.

— புரியலீங்க.

— மர்பிக்குச் சொன்ன அதே ரூலுதான். பேரு. அதுகூட ஒரு எஸ்ஸு. கொம்பு விட்டுப்போகல, கொம்பு வேண்டாம்னுதான் போடல. ஒத்த ஆளுன்னா முன்னால ‘த’ வராதுன்னு நீங்க சொன்னது சரி. குடும்பத்தைச் சேத்துச் சொன்னா வரும். த திம்மராயன்ஸ். திம்மராயன் வீட்டாருக்கு. சைக்கிளு அவனுக்குக் குடுக்கலை. அவங்களுக்குக் குடுத்திருக்காவ.

— அவங்கன்னா?

— அதைத்தான் நானும் கேக்குதேன். வீட்ல வேற யாரு உண்டு?

— யாருமில்லீங்களே. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் போயி சேந்துட்டாங்க. அண்ணன் தம்பி கெடையாது. கல்யாணமாயி நாலு வருஷம், இன்னும் கொழந்த இல்ல. ஒரு அத்தை அஞ்செட்டிப் பக்கம் காட்டுல கெடக்கறா, அது கண்ணு தெரியாத கெழவி. வீட்ல இவனும் இந்தப் பொண்ணும்தான். இது எங்க... கெடக்கட்டும். ஒருவேள துரைசானி மரியாதைக்கு எழுதியிருப்பாங்க.

— இந்த அம்மா ஒரு எஸ்ஸை மரியாதைக்குப் போடுத ஆளு இல்ல. எழுத்தைப் பாத்தாலே தெரியலியா? ரெண்டு சைக்கிளு, ரெண்டு பேரு. அவிய மனசுல கணக்கு சரியா இருந்திருக்கு. காவேரி, ஏன் தள்ளிப் போற? இங்க வா. என் மொகத்தைப் பாரு.

— சொல்லுங்கம்மா.

— துரைசானி உங்கிட்டப் பேசுவாவளா?

— பேசுவாங்க. அவங்க தமிழு எனக்குப் புரியாது, என் தமிழு அவங்களுக்குப் புரியாது. ரெண்டு பேரும் கன்னடத்துல பேசிக்குவோம்.

— உம் புருசன் ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கான்?

— டீச்சரம்மா, இதக் கேட்டு என்ன ஆவப்போவுது? கேஸக் கூப்பிடறாங்க பாருங்க, டவாலி கத்தறான். வாங்க.

— ஒரு நிமிசம் கத்தட்டும். சொல்லு காவேரி.

— ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முந்தி எல்லம்மா கோயில்ல வெச்சு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாருங்க. ‘ஆறு மாசம் போட்டா ஆறு மாசத்துல வந்துருவேன். உம் பேரு ஊரு வாயில பூந்தா அது திரும்பி வராது. நீ மரத்தடிய வுட்டு எந்திரிக்காத’ன்னாரு. அவருக்காவத்தான் இத்தன நாளு வாய மூடிக்கிட்டு இருந்தேன். அந்த அம்மா என்னெ எழுத்துலயே வெச்சுட்டுப் போயிருக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே. ஒரு எழுத்துன்னாலும் அது நான்தானுங்களே?

— நீதான் தாயி. சந்தேகமே இல்ல.

— என்ன பேசிக்கறீங்க ரெண்டு பேரும்? காவேரி, உம் பேரு எதுக்கு ஊரு வாயில விழும்? நீ என்னத்தப் பண்ணின?

— காலையில பாலு ரெண்டு பக்கம் போவணுங்க சாமி. அவரு பாகலூர் ரோட்டுக்குப் போவாரு. ஒரே ஆளு மத்திகிரிக்கும் போயிட்டு வந்தா பாலு திரிஞ்சிரும்.

— அதுக்கு?

— சம்பங்கி பாத்தது அவர இல்லீங்க. முண்டாசும் கோட்டும் அவருது. ஓட்டினது நானு. கூப்பிடறாங்கல்ல, வாங்க, போலீஸ் புடிச்சு வெச்சிருக்கற அந்தச் சைக்கிள முத்தத்துக்குக் கொண்டாரச் சொல்லுங்க. இன்னிக்கி முண்டாசு இல்லாம ஓட்டிக் காட்டறேன்.